பூட்டிய கதவுக்குள் ஒரு தலையணை உறை

எங்கள் கெலுகோர் அடுக்குமாடி வீட்டுக்குக் கீழே புதிதாக ஒரு டோபி கடை வந்திருக்கிறது. கடைக்காரர் என்று யாரும் இல்லை. காசைப் போட்டு, துணியைத் திணித்து, நாமே துவைத்து எடுத்துக்கொண்டு போக வேண்டும். சுவரில் பெரிய எழுத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். கதவு திறக்காவிட்டால் மெசினை அணைத்து மறுபடி ஓட விடுங்கள், தண்ணீர் வெளியேறியதும் தானே திறந்துகொள்ளும் என்று மூன்று மொழியில் போட்டிருக்கிறது. போன வாரம் அதன் முன்னால் நின்று நான் தனியாக முணுமுணுத்துக்கொண்டிருந்ததை என் மனைவி பார்த்துவிட்டாள்.

“வேலைய விட்டு மூனு வருசமாச்சு. இன்னும் மெசின்கூட சண்டையா? எழுதி வைங்கலா, மனசாவது ஆறும்,” என்றாள்.

அந்த அறிவிப்பு பொய் இல்லை. பத்தில் ஒன்பது கதவு அப்படித்தான் திறக்கும். எனக்குப் பேச்சு அந்தப் பத்தாவது கதவைப் பற்றித்தான்.

வீட்டுச் சாதனங்களைப் பழுது பார்க்கும் ஒரு நிறுவனத்தில் முப்பத்தொரு வருடம் இருந்தேன். வீடு தீவில், பணிமனை கடலுக்கு அக்கரையில் ஜுருவில், கார்க் கடைகளுக்குப் பின்புறம். காலையில் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து போய் அன்றைய வேலைத் தாள்களை வாங்கிக்கொண்டு, மறுபடி பாலம் கடந்து தீவுக்கு வந்து வீடு வீடாக ஏறி இறங்குவேன். என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதல் இரண்டு வருடம் மற்றவர்கள் கழற்றிப் போட்ட மெசின்களின் அழுக்கை வழித்தேன். வடிகட்டிகளில் சில்லறை, ஊக்கு, சாவி, ஒரு தடவை முழுப் பல் செட்டு எல்லாம் கிடைத்தன. பல்லின் சொந்தக்காரர் கடைசிவரை அது தன்னுடையது இல்லை என்று சாதித்தார்.

எங்கள் மேற்பார்வையாளர் லெட்சுமணன் சார். செட்டிநாட்டுக் குடும்பம். அண்ணன் தம்பிகள் வங்கி, வழக்கறிஞர் தொழில் என்று போக, இவர் மட்டும் எப்படியோ மெசின் பக்கம் வந்துவிட்டார். எவ்வளவு புழுக்கமாக இருந்தாலும் சட்டையை உள்ளே விட்டு, பையில் இரண்டு பேனா செருகியிருப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. எங்களையெல்லாம் “தம்பி” என்பார். கோபம் வந்துவிட்டால் “ஐயா” என்பார். அவர் வாயிலிருந்து அந்த ஐயா வந்துவிட்டால் பணிமனையில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

கதவு திறக்கவில்லை என்று யாராவது தொலைபேசியில் அழைத்தால் நாங்கள் எல்லாம் என்ன மாடல், எத்தனை வருடம் ஆயிற்று என்று கேட்போம். சார் கேட்கும் முதல் கேள்வி, “உள்ள என்ன இருக்கு?” என்பதுதான். மெசினை வாங்கியவர்கள் நம்மைக் கூப்பிடுவது கதவுக்காக இல்லை, உள்ளே மாட்டிக்கொண்ட பொருளுக்காக என்பது அவர் கட்சி.

அவர் பழக்கிய முறையை இன்றும் என் கை மறக்கவில்லை. முதலில் கேள்வி. பிறகு பிளக்கைப் பிடுங்க வேண்டும், சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. தண்ணீர்க் குழாயை மூட வேண்டும். கண்ணாடி வழியாகப் பார்த்து, டிரம் அசையாமல் நிற்கிறதா, தண்ணீர் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அடுத்து புறங்கையைக் கண்ணாடியில் வைக்க வேண்டும். சுட்டால், வீட்டுக்காரரிடம் ஒரு நாற்காலி கேட்டு வாங்கி, ஆறும் வரை உட்கார்ந்திருக்க வேண்டும். ஆறிய பிறகு கீழே உள்ள சிறு மூடியைத் திறந்து, வடிகுழாய் வழியாகத் தட்டுத் தட்டாகத் தண்ணீரை எடுக்க வேண்டும். பல மெசின்களில் அந்த மூடிக்குள்ளேயே ஒரு பிளாஸ்டிக் பட்டை இருக்கும், அவசரத்துக்கு இழுத்தால் பூட்டு விட்டுவிடும். பட்டை இல்லையென்றால் மெசினை முன்னால் இழுத்து, மேல்தகட்டைக் கழற்றி, மேலிருந்து கையை விட்டுப் பூட்டின் நாக்கைத் தள்ள வேண்டும். கதவைப் பிடித்துத் தொங்குவதும், திருப்புளியை இடுக்கில் கொடுத்து நெம்புவதும் சாரைப் பொறுத்தவரை ஒழுக்கக்கேடு.

வேலைத் தாளின் பின்பக்கத்தை அவரே தயாரித்திருந்தார். அதில் கடைசி வரி இது: உள்ளிருந்த பொருளுக்குச் சேதம் உண்டா, இல்லையா? இரண்டில் பொருந்துவதன் அடியில் கோடு போட்டு நாங்களும் வீட்டுக்காரரும் கையெழுத்துப் போட வேண்டும்.

அந்த வரியில் என் வாழ்நாளில் இரண்டு முறை பொய் எழுதியிருக்கிறேன்.

முதல் பொய் இங்கே கெலுகோரில், பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த ஓர் அம்மாவின் வீட்டில். நான் வேலைக்குச் சேர்ந்து நான்காவது வருடம், தலைக்கனம் ஏறியிருந்த சமயம். குழந்தைத் துணிகளைக் கொதிக்கும் சூட்டில் போட்டிருந்தார், பாதியில் நின்றுவிட்டது. அன்றைக்கு எனக்கு இன்னும் ஐந்து வீடு பாக்கி. நாற்காலி போட்டு உட்கார எனக்கென்ன வயதாகிவிட்டதா என்று திருப்புளியை எடுத்தேன். கதவு திறந்தது. டிரம்மில் இருந்த வெந்நீர் மொத்தமும் என் இடது தொடையிலும் முழங்காலிலும் கொட்டியது. தவழும் குழந்தை ஒன்று அதுவரை என் பக்கத்தில்தான் தரையைத் தட்டி விளையாடிக்கொண்டிருந்தது. பால் கொடுப்பதற்காக அந்த அம்மா அப்போதுதான் தூக்கிக்கொண்டு போயிருந்தார்.

திருப்புளி முனை உள்ளே போய்க் குழந்தையின் போர்வையையும் கிழித்திருந்தது. வலியோடு வலியாக அதை மடித்துத் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டு, தாளில் ‘இல்லை’ என்று கோடு போட்டேன்.

மறுநாள் சார் அந்த வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு, கிழிந்த போர்வையையும் பார்த்துவிட்டு, நேராக என் வீட்டுக்கு வந்தார். கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு பிஸ்கட் டின்னை என் மனைவியிடம் கொடுத்துவிட்டு என் எதிரே அமர்ந்தார்.

“ஐயா, காலு ஆறிடும். எல்லாரும் தப்பு பண்றதுதான். ஆனா இந்தக் கோடு பொய்யா போனா, அப்புறம் இந்தத் தாளு வெறும் தாளு. இத நம்பித்தான் நான் ஒங்கள ஊர்க்காரங்க வீட்டுக்குள்ள அனுப்புறேன்,” என்றார்.

அதற்குப் பிறகு நெடுங்காலம் அந்த வரியில் நான் பொய் எழுதியதில்லை. ஒரு சட்டைப் பொத்தான் உடைந்திருந்தால்கூட ‘உண்டு’ என்று போட்டுவிட்டுத் திட்டு வாங்கிக்கொள்வேன்.

இரண்டாவது பொய் ஜெலுத்தோங்கில், ஆறாவது மாடி வீடு ஒன்றில். அதற்குள் எனக்குத் தலை நரைத்துவிட்டது. காலையில் அழைப்பு வந்தது: கதவு பூட்டிக்கொண்டது, உடனே வர வேண்டும். அழைத்தது கவிதா என்ற இளம் மருமகள். அலுவலகத்தில் தொலைபேசி எடுத்த பெண், பிளக்கைச் செருகி ஸ்பின் போடச் சொல்லியிருக்கிறாள். “அத மட்டும் செய்ய முடியாது அக்கா, எங்க அத்தை விடமாட்டேங்கிறாங்க,” என்று கவிதா சொல்லியிருக்கிறாள். சார் அந்தத் தாளை என் கையில் கொடுத்து, “மெதுவா பேசுங்க தம்பி, துக்க வீடு,” என்றார்.

உச்சிவெயிலில் போய்ச் சேர்ந்தேன். கூடத்தில் மாலை போட்ட புகைப்படம், எரிகிற விளக்கு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், இறந்து பன்னிரண்டு நாள். சமையலறையில் அவர் மனைவி சரசு அக்கா ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். ஈரத் தலையில் துண்டு சுற்றியிருந்தது. ஒரு கையில் மெசினின் பிளக், இன்னொரு கை சுவரில் இருந்த சுவிட்சைப் பொத்தியிருந்தது. காலையிலிருந்து அப்படியே இருக்கிறாராம். இறந்தவரின் அக்கா, எழுபது வயதிருக்கும் பெரியம்மா, வாசற்படியில் நின்று கோபமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உள்ள என்னக்கா இருக்கு?” என்று கேட்டேன்.

பெரியம்மாதான் பதில் சொன்னார். “போர்வ, படுக்க விரிப்பு, தலகாணி உறை. பதினாறாம் நாளு காரியத்துக்குள்ள எல்லாத்தையும் தொவைச்சிடணும், தீட்டு. நான்தான் இந்தப் புள்ளய போடச் சொன்னேன். நீங்க சுவிட்ச போடுங்க தம்பி, அது பாட்டுக்கு ஓடி முடிச்சித் தொறந்துக்கும்.”

“சுவிட்ச போட்டா தண்ணி வரும்,” என்றார் சரசு அக்கா, என்னைப் பார்க்காமல். “தண்ணி படக்கூடாது தம்பி. அவரு தலகாணி உறை உள்ள இருக்கு.”

விஷயம் இதுதான். ஆள் போன வீட்டில் அவர் புழங்கிய துணி ஒன்று விடாமல் நனைந்தாக வேண்டும் என்பது நம் வழக்கம். சரசு அக்கா அதை எதிர்த்துப் பேசவில்லை. கணவருடைய உறையைத் தன் தலையணைக்குப் போட்டு, அதற்கு மேலே தன் உறையைப் போட்டுக்கொண்டு, பன்னிரண்டு நாளும் அதில் தலை வைத்துப் படுத்திருக்கிறார். யாருக்கும் தெரியாது. அன்று காலை அவர் குளிக்கப் போன நேரத்தில் கவிதா படுக்கையை உருவியிருக்கிறாள். இரண்டு உறையும் ஒன்றாகவே கழன்று வந்துவிட்டது. ஈரத் தலையோடு வெளியே வந்தவர் வெறும் தலையணையைப் பார்த்து, ஓடிப் போய்ப் பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார். கதவு அதற்குள் பூட்டிக்கொண்டது. தண்ணீர் இன்னும் வரவில்லை.

“ஒரு தலகாணிக்கு ரெண்டு உறை இருக்கும்னு யாருண்ணே நெனைப்பா,” என்றாள் கவிதா. அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

“அப்படி என்னதான் இருக்கு அந்த உறையில?” என்றார் பெரியம்மா.

“அவரு தலை வாசம் இருக்கு அண்ணி,” என்றார் சரசு அக்கா. “எண்ணெயும் ஜாதிக்கா தைலமும். முப்பத்தாறு வருசம் பக்கத்துல படுத்திருந்தேன். வேற எதுலயும் இப்ப அந்த வாசம் இல்ல.”



நான் மண்டியிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். கண்ணாடியில் ஒரு துளி ஈரம் இல்லை. குழாயை மூடினேன். மின்சாரம் போனால் சில பூட்டுகள் இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக விட்டுவிடும். இது அந்த வகை இல்லை, மெசின் உத்தரவு கொடுத்தால்தான் விடும். குழாயை மூடியாயிற்றே, இனி பிளக்கைச் செருகி நிறுத்தும் பொத்தானை அழுத்தினால் என்ன என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. ஆனால் குழாய்க்கும் மெசினுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர்க் குழாயில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் அழுத்தத்தோடு நிற்கும். விட்ட இடத்திலிருந்து மெசின் தொடர்ந்தால் முதலில் அந்தத் தண்ணீர்தான் துணி மேல் விழும். அதற்கு மேல், சுவிட்சைப் பொத்தியிருந்த அந்தக் கையை எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

“பிளக் ஒங்க கையிலயே இருக்கட்டும் அக்கா. நான் கேக்க மாட்டேன்,” என்றேன். அப்போதுதான் அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

கீழ்மூடியைத் திறந்தேன். அவசரப் பட்டை முன்பே யாரோ இழுத்து அறுந்து, கட்டை மட்டும் மிச்சம் இருந்தது. மேல்தகட்டைக் கழற்றலாம் என்றால், சிமெண்டு மேடைக்கு அடியில் மெசினைத் தள்ளி வைத்துவிட்டு, அதன் முன்னால் டைல்ஸ் வரம்பு கட்டியிருந்தார்கள். அழகுக்காகவாம். வரம்பை உடைக்காமல் மெசின் ஓர் அங்குலம்கூட வராது. அந்த டைல்ஸ்காரரை மனதுக்குள் நன்றாகத் திட்டினேன்.

மிஞ்சியது நூல். மீன்பிடிக்கிற தடித்த நைலான் நூல், இங்கே தங்சி என்போம். என் பையில் எப்போதும் ஒரு சுருள் கிடக்கும். கதவுக்கும் உடலுக்கும் நடுவில் உள்ள மெல்லிய இடுக்கில், பழைய தொலைபேசி அட்டையின் முனையால் நூலைச் சிறிது சிறிதாகத் தள்ளி, பூட்டு இருக்கும் பக்கம் முழுக்கச் சுற்றி, இரண்டு முனையும் வெளியே தெரியும்படி விட வேண்டும். பிறகு இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்து, கீல் இருக்கும் பக்கமாக ஒரே சீராக இழுத்தால், நூல் உள்ளே இருக்கும் கொக்கியைப் பிடித்து நகர்த்தும். வெடுக்கென்று இழுத்தால் கொக்கி உடையும், பிறகு கதவையே அறுக்க வேண்டியதுதான். முதல் தடவை நூல் நழுவிவிட்டது. இரண்டாம் தடவை என் விரலை அறுத்தது. விரலில் துணி சுற்றிக்கொண்டு மூன்றாம் தடவை இழுத்தேன். பூட்டுக்குள் ‘டக்’ என்றது.

கதவு ஓர் அங்குலம் விலகியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பூ வாசம் முகத்தில் அடித்தது. எந்தத் தோட்டத்திலும் நான் முகர்ந்திராத, நெற்றியை வலிக்க வைக்கிற பூ. டிரம்மிலிருந்து ஊதா நிறத்தில் சின்னச் சின்ன மணிகள் தரையில் உருண்டன. துணி மணக்க வேண்டும் என்று இப்போது விற்கிறார்களே, சோப்புத் தட்டில் போடாமல் துணியோடேயே தூவுகிற வாசனை மணி.

நான் உள்ளே என்ன என்று கேட்டேன், அவர்கள் துணியைச் சொன்னார்கள். சோப்பு என்ன போட்டீர்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. நாலு மணி நேரம் அந்த மணிகளோடு உறை மூடிக் கிடந்திருக்கிறது. முன்பே கேட்டிருந்தாலும் கதவு சீக்கிரம் திறந்திருக்காது என்பது உண்மைதான். ஆனாலும் அந்தக் கேள்வியை விட்டது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

கவிதா அந்த மணிகளைப் பார்த்தாள். “வாசமா இருக்கட்டுமேன்னு ரெண்டு மூடி போட்டேண்ணே,” என்று என்னிடம் மிக மெல்லச் சொன்னாள். அவள் கண் மறுபடி நிறைந்துவிட்டது.

துணிகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். பூப்போட்ட உறைக்குள் இன்னோர் உறை, நீலக் கோடு போட்டது. தலை படுகிற இடத்தில் எண்ணெய்க் கறை மஞ்சளாக இருந்தது. ஈரமே இல்லை. வெளியே எடுக்கும்போது என் முகத்துக்கு அருகில்தான் வந்தது. பூ வாசத்தைத் தவிர அதில் ஒன்றுமே இல்லை. தைலம் எந்தக் கடையிலும் கிடைக்கும், அந்தத் தலை இனிக் கிடைக்காதே என்று நினைத்துக்கொண்டேன்.

சரசு அக்கா பிளக்கைக் கீழே வைத்துவிட்டு உறையை இரண்டு கையாலும் வாங்கினார். முகத்தை அதில் புதைத்தார். நெடுநேரம் எடுக்கவில்லை. கவிதா சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். பெரியம்மாகூட வாசற்படியை விட்டு உள்ளே வந்திருந்தார்.

தலையை நிமிர்த்தியபோது சரசு அக்கா பார்த்தது உறையை இல்லை, கவிதாவின் முகத்தை.

“அப்படியே இருக்கு,” என்றார். “தைல வாசம் போவவே இல்ல. நீ எதுக்கு அழுவுற?”

கவிதா அப்படியே தரையில் உட்கார்ந்து, மாமியார் மடியில் தலையை வைத்துக்கொண்டு விம்மினாள். அக்கா ஒரு கையால் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார். மறு கை உறையைப் பிடித்திருந்தது. “சரி, அத உள்ள கொண்டு போய் வை. மத்தத நான் தொவைக்கிறேன்,” என்றார் பெரியம்மா, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

பையைக் கட்டினேன். வேலைத் தாளைத் திருப்பி மேடை மேல் வைத்தேன். கவிதா முகம் கழுவிக்கொண்டு எனக்குத் தேநீர் கொண்டுவந்து, நான் எழுதுவதைப் பார்த்தபடி பக்கத்திலேயே நின்றாள். தண்ணீர் இருந்ததா, இல்லை. சூடு இருந்ததா, இல்லை. உள்ளிருந்த பொருளுக்குச் சேதம் உண்டா, இல்லையா? பேனா அங்கே நின்றது. கெலுகோரில் வெந்த முழங்கால் நினைவுக்கு வந்தது. ‘இல்லை’ என்பதன் அடியில் கோடு போட்டேன்.

சரசு அக்கா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தார். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

“சரியாத்தான் போட்டிருக்கீங்க தம்பி,” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் அந்தத் தாளைப் பார்த்த லெட்சுமணன் சார், “துணி காஞ்சே வந்திருச்சா? நல்லா செஞ்சிருக்கீங்க தம்பி,” என்று தன் சுருக்கொப்பத்தைப் போட்டு உள்ளே வைத்துவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது அவர் பத்து காவான் என்ற ஊரில் மகன் வீட்டில் இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டது, ஆனாலும் நான் அனுப்புகிற எதையும் இரண்டு தடவை படிப்பார். இதை முதலில் அவருக்குத்தான் அனுப்பப் போகிறேன். படித்து முடித்ததும் தொலைபேசி வரும். எடுத்தால் முதல் வார்த்தை “ஐயா” என்றுதான் இருக்கும். கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கோட்டை மட்டும் மாற்றிப் போட மாட்டேன்.